மலைநாட்டுப் பாதைக்கு எந்த டயர், எந்த ரிம்? சேறும் பனியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில் ஹட்டன், தலவாக்கலை, இராகலை, வெலிமடைப் பக்கம் ஜீப், கெப், வேன், சின்ன லொறி வைத்திருப்பவர்கள் டயர் மாற்ற வரும்போது கேட்கிற கேள்விகள் இவை. டயர் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எல்லாருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: மலையில் டயரை ஏற்றத்துக்காக வாங்காதீர்கள், இறக்கத்துக்காக வாங்குங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி அதிலிருந்து வருபவைதான்.

சேற்றில் ஏற முடியாமல்தானே வண்டி நிற்கிறது? ஏன் இறக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

ஏற முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கிப் பார்க்கலாம், கல் போடலாம், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளலாம். இறங்கும்போது பிடி விட்டால் வண்டி நிற்காது.

ஃபோர்வீல் இருக்கிறதே என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். ஃபோர்வீல் என்பது இழுக்கும் வேலையை நான்கு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பது. ஏற்றத்தில் அது பெரிய உதவி. ஆனால் பிரேக் எந்த வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. சாதாரண வேனுக்கும் ஜீப்புக்கும் அதில் வித்தியாசம் இல்லை. பிரேக் பிடிக்கும் நேரத்தில் தரைக்கும் வண்டிக்கும் நடுவில் இருப்பது டயர் மட்டுமே. அதனால் தேய்ந்த டயரோடு இருக்கும் ஃபோர்வீல் வண்டி, தன்னால் இறங்க முடியாத இடத்துக்கும் ஏறிப் போய்விடும். மழை நாளில் தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு ஏறிய கெப்புகள் ரோட்டோரக் கானுக்குள் (வடிகாலுக்குள்) சரிந்து கிடப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் திரும்பி வரும்போதுதான் சரிந்திருக்கும்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். லயத்திலிருந்து (தோட்டக் குடியிருப்பிலிருந்து) பிரதான வீதி வரைக்கும் ஒன்றிரண்டு கிலோமீற்றர் சேறும் கல்லும். அதற்குப் பிறகு ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ போகிற முழுத் தூரமும் தார் ரோடு, வளைவு, மழை. சேற்றுக்காக மட்டும் டயர் வாங்கினால் மிச்சத் தூரம் முழுக்க அந்த டயர் உங்களுக்கு எதிராக இருக்கும்.

அப்படியானால் ஏ/டியா, எம்/டியா?

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்/டி என்பது தார் ரோட்டுக்கான ஜீப் டயர். ஏ/டி என்பது ஆல் டெரெய்ன், தாரும் மண்ணும் கலந்து ஓடுகிறவர்களுக்கு. எம்/டி என்பது மட் டெரெய்ன், சேற்று டயர்.

எம்/டியில் பட்டன்கள், அதாவது டயரின் மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள், பெரிதாக இருக்கும், ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி இருக்கும். சக்கரம் சுற்றும்போது இடைவெளிக்குள் போன சேறு வெளியே வீசப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. சேறு வெளியேறினால்தான் அடுத்த சுற்றில் பட்டன் தரையைக் கடிக்கும். ஏ/டியில் பட்டன்கள் நெருக்கமாக இருப்பதால் நமது செம்மண் களி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு அது மொட்டை டயர்தான், நனைந்த சவர்க்காரத்தின் மேல் நிற்கிற மாதிரி.

இதை மட்டும் கேட்டால் எம்/டிதான் சரி என்று தோன்றும். ஆனால் அதே பெரிய இடைவெளிதான் நனைந்த தாரில் குறையாகிறது. தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பட்டன்களில் சன்னமான வெட்டுகளும் குறைவு. பிரேக் பிடித்தால் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். வளைவில் பட்டன்கள் வளைந்து கொடுப்பதால் ஸ்டியரிங் தளர்ந்த மாதிரி இருக்கும். சத்தமும் டீசல் செலவும் கூடும்.

என் கருத்து இது. தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிற வண்டி, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் மலைக்கும் மட்டும் போய் வருகிற ஜீப், காட்டுப்பாதை வேலைக்குப் போகிற வண்டி என்றால் எம்/டி போடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், டவுனுக்கும் போய், மாதத்தில் ஒரு தடவை கொழும்புக்கும் இறங்குகிற வண்டிக்கு நல்ல ஏ/டி போதும். ஏ/டியிலும் எல்லாம் ஒன்றல்ல. ஓரப் பட்டன்கள் ஆழமாக, பக்கச்சுவர் வரைக்கும் இறங்கி வருகிற வகையைப் பார்த்து எடுங்கள். சக்கரம் சேற்றுத் தடத்துக்குள் அமிழும்போது தடத்தின் சுவரைக் கடித்து மேலே கொண்டுவருவது அந்த ஓரப் பட்டன்தான்.

தோட்டத்து ரோடு கொங்கிரீட் போட்டாகிவிட்டது என்றால் எச்/டி கூடப் போதும்.

டயரில் எம்+எஸ் என்று இருக்கிறது. மட் அண்ட் ஸ்னோ என்றுதானே அர்த்தம்? அப்போது சேற்றுக்கு நல்லதுதானே?

அர்த்தம் அதுதான், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். எம்+எஸ் என்பது டயர் செய்யும் கம்பனி பட்டன் அமைப்பை வைத்துத் தானே போட்டுக்கொள்ளும் குறி. சேற்றிலோ பனியிலோ ஓட்டிச் சோதித்த பிறகுதான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண எச்/டி டயரிலும், கார் டயரிலும் கூட எம்+எஸ் இருக்கும். நமது களிமண்ணில் அவற்றை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சோதித்துக் கொடுக்கப்படும் குறி வேறு ஒன்று. மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள்ளே ஒரு பனித்துகள். வட அமெரிக்காவில் 1999இல் வந்தது. இறுகிய பனியில் ஓட்டிப் பார்த்து, குறிப்பிட்ட அளவுக்குப் பிடி இருந்தால்தான் அதைப் போடலாம். ஜேர்மனியில் 2024 ஒக்டோபரிலிருந்து எம்+எஸ் மட்டும் உள்ள டயரைக் குளிர்கால டயராக ஏற்பதில்லை. மலைக்குறி இருக்க வேண்டும். அந்த மலைக்குறியும் பனியைப் பற்றித்தான் பேசுகிறது, சேற்றைப் பற்றி அல்ல. சேற்றுக்கு என்று அப்படி ஒரு குறியே கிடையாது. சேற்றுக்கு டயர் பார்க்கும்போது எழுத்தை விடுங்கள். பட்டனையும் இடைவெளியையும் கண்ணால் பாருங்கள், விரலை உள்ளே விட்டு ஆழம் பாருங்கள்.

நுவரெலியாவில் பனி கொட்டுகிறதே, குளிர்கால டயர் தேவையா?

தேவையில்லை. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் நுவரெலியா, அம்பேவெல, பட்டிப்பொல, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் விழுவது துகள் உறைபனி. புல்லிலும் மரக்கறித் தோட்டத்திலும் நிறுத்திவைத்த வண்டியின் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும். வெயில் வந்ததும் போய்விடும். ரோட்டை மூடுகிற பனி நம் நாட்டில் விழுவதில்லை.

குளிர்கால டயரின் ரப்பர், ஏறத்தாழ 7 பாகை செல்சியஸுக்குக் கீழேயும் மென்மையாகவே இருக்கும்படி செய்யப்பட்டது. சாதாரண டயர் அந்தக் குளிரில் இறுகிவிடும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவில் இருக்கிறது. சில விடியற்காலைகளுக்காக வருடம் முழுக்க மென்மையான ரப்பரில் ஓடுவது சரிவராது. அந்த நேரத்தில் உண்மையான ஆபத்து மூடுபனியும், வெயிலே படாத வளைவுகளில் பாசி பிடித்த ஈரத் தாரும்தான். அதற்குப் பள்ளம் ஆழமாக உள்ள நல்ல டயரும் குறைந்த வேகமும் போதும்.

ஜப்பானிலிருந்து வந்த வேனில் பட்டன் முழுசாக இருக்கிறது, ஆனால் டயர் ரொம்ப மென்மையாக இருக்கிறதே?

ஸ்டட்லெஸ் டயராக இருக்கும். ஹொக்கைடோ, நகானோ மாதிரிப் பனி விழும் இடங்களிலிருந்து வரும் வண்டிகளில் அடிக்கடி இது இருக்கும். தனியாகப் பழைய டயராகவும் விற்பனைக்கு வருகிறது. முன்பு அங்கே ஆணி அடித்த டயரில் ஓடினார்கள். ஆணி ரோட்டை அரைத்துத் தூசி கிளப்பியதால் 1990இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். அதன் பிறகு ஆணி இல்லாத, மிக மென்மையான ரப்பரில் செய்த டயர் வழக்கமாயிற்று. பெயரும் அதனால்தான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பக்கச்சுவரில் ஆங்கிலத்தில் ஸ்டட்லெஸ் என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு பட்டனிலும் நெளிநெளியாகத் தலைமயிர் அளவு வெட்டுகள் நிறைய இருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியும்.

பார்க்கப் புதுசாக இருப்பதால் சேற்றுக்கு நல்லது என்று சிலர் ஆசையாக வாங்குகிறார்கள். வேண்டாம். நமது சூட்டில், அதுவும் கண்டிப் பக்கமோ வெல்லவாயப் பக்கமோ இறங்கி ஓடினால், சீக்கிரம் தேயும். நனைந்த தாரில் பிரேக் தூரம் கூடும். பாரம் ஏற்றி வளைவில் திருப்பினால் பட்டன்கள் படுத்துக்கொள்ளும். வண்டியோடு வந்திருந்தால் முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

தம்பி கனடாவில் ஜீப் வாங்கியிருக்கிறான். சேற்று டயர் போட்டால் பனியிலும் போகும் என்கிறான். சரியா?

சரியில்லை. பலரும் குழம்புகிற இடம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேற்றில் நல்ல டயர், உள்ளே போனதை வெளியே வீச வேண்டும். பனியில் நல்ல டயர், உள்ளே போனதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பனியோடு பனி ஒட்டும்; கையில் உருட்டினால் உருண்டையாகிறது அல்லவா? பள்ளங்களுக்குள் இறுகிய பனி, ரோட்டில் உள்ள பனியைப் பிடித்துக்கொள்கிறது. சன்னமான வெட்டுகள் ஒவ்வொன்றும் திறந்து மூடித் தரையைக் கவ்வுகின்றன. எம்/டியில் பட்டன் பெரிய கட்டியாக இருக்கிறது, வெட்டுகள் மிகக் குறைவு, ரப்பரும் குளிரில் இறுகும். ஆழமான புதுப்பனியில் தோண்டிக்கொண்டு போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் வண்டிகள் ஓடி இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் நிற்காது. அங்கேயும் பிரச்சினை போவதில் இல்லை, நிறுத்துவதில்.

தம்பி கியூபெக்கில் இருந்தால் அங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். மலைக்குறி உள்ள குளிர்கால டயரைத் தனி ரிம்மில் ஒரு செட் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வருடம் முழுக்க ஒரே செட்தான் என்றால் மலைக்குறி உள்ள ஏ/டி டயர்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற டயர் அது.

அகலமான டயர் போட்டால் சேற்றில் அமிழாதுதானே?

வயலிலும் மணலிலும் உண்மை. அங்கே அடியில் கெட்டித்தரை கிடைக்காது, மேலே மிதக்க வேண்டும். நமது தோட்டத்து ரோடு வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்துப் போட்ட பாதை, அதன் மேலே நாலைந்து அங்குலம் களி. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிற இடங்களில் கூட, பழைய பாதைகளில் அடியில் கல் இருக்கும். ஒடுக்கமான டயர் அந்தக் களியை அறுத்துக்கொண்டு கல்லைத் தொடும். அகலமான டயர் களியின் மேலேயே வழுக்கும். பழைய லேண்ட்ரோவர்கள் ஒடுக்கமான 7.50-16 டயரில் தோட்டமெல்லாம் ஏறி இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கம்பனி கொடுத்த அகலத்திலேயே நில்லுங்கள். பார்வைக்காக அகலம் கூட்ட வேண்டாம்.

பெரிய டயர் போட்டால் வண்டி உயருமே, அது நல்லதுதானே?

கொஞ்சம் உயரும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. கணக்கைப் பாருங்கள். 2018இல் வந்த புது சுசுகி ஜிம்னியின் 1500 சிசி வண்டிக்குக் கம்பனி டயர் 195/80 ஆர் 15 (அகலம் 195 மில்லிமீற்றர், சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம்). அதன் முழு உயரம் 693 மில்லிமீற்றர். பலர் ஆசைப்படுவது 235/75 ஆர் 15; அதன் உயரம் சுமார் 733. வித்தியாசம் 40. வண்டி உயர்வது அதில் பாதி, 20 மில்லிமீற்றர். ஒரு விரல் அகலம்.

அந்த ஒரு விரலுக்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? சக்கரத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுகிறது. மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 63க்கு மேல் ஓடுகிறீர்கள். எல்லா கியரும் அதே அளவு நீளமாகிறது. ஏற்றத்தில் இழுவை குறையும். இறக்கத்தில் முதலாம் கியரில் விட்டு எஞ்சின் பிடியில் இறங்கும்போது வண்டி முன்பைவிட வேகமாக இறங்கும். டயரின் எடையும் கூடுவதால் பிரேக்குக்கு வேலை அதிகம். ரம்பொடை இறக்கத்தில் பிரேக் சூடாகி மணம் வருவதை அனுபவித்தவர்களுக்கு இது புரியும்.

ஒரு அளவு கூட்டி 215/75 ஆர் 15 போட்டால் உயரம் 703தான், அது பரவாயில்லை. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, உள்ளே எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஃபோர்வீல் வண்டியில் நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறத்தாழ ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். முன்னுக்கு ஒரு உயரம், பின்னுக்கு ஒரு உயரம் என்று போட்டுத் தாரில் ஃபோர்வீலில் ஓடினால், முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கெடும்.

ரிம் அலோயா, இரும்பா?

கல் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இரும்பு. அடிபட்டால் இரும்பு நெளியும், தட்டி எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். அலோய் வெடித்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். வெடித்த அலோயை வெல்டிங் பண்ணிப் போடுவதை நான் ஏற்பதில்லை, மலை ரோட்டில் அதை நம்ப முடியாது. பெரும்பாலும் தாரில் ஓடுகிறவர்களுக்கு அலோயில் குறையில்லை, எடையும் குறைவு.

ரிம்மின் விட்டத்தைக் கூட்ட வேண்டாம். 15 அங்குலத்திலிருந்து 17க்குப் போனால், டயரின் மொத்த உயரம் மாறாத வரைக்கும், பக்கச்சுவர் ஒடுங்கும். கல்லில் மோதும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். சுவர் உயரமாக இருந்தால் ரிம் தப்பும்.

பழைய ரிம் செட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. நட் ஓட்டை பொருந்தினால் போதுமா?

போதாது. மூன்று விஷயம் பொருந்த வேண்டும்.

முதலாவது பி.சி.டி., அதாவது நட் ஓட்டைகள் இருக்கும் வட்டத்தின் விட்டம். ஜிம்னிக்கு 5 ஓட்டை, 139.7 மில்லிமீற்றர். பழைய டிஃபென்டர் லேண்ட்ரோவருக்கும் 5 ஓட்டைதான், ஆனால் 165.1. ஹைலக்ஸுக்கும் பஜேரோவுக்கும் 6 ஓட்டை, 139.7.

இரண்டாவது நடு ஓட்டை. ஹைலக்ஸ், பஜேரோ இரண்டுக்கும் பி.சி.டி. ஒன்றுதான் என்று சொன்னேன். ஆனால் ஹைலக்ஸின் நடு ஓட்டை 106 மில்லிமீற்றர், பஜேரோவினது 67. பஜேரோ ரிம் ஹைலக்ஸின் ஹப்பில் உட்காரவே உட்காராது. ஹைலக்ஸ் ரிம்மைப் பஜேரோவில் போட்டால் உட்காரும், ஆனால் நடுவில் இடைவெளி விழும். மையம் பிடிக்க வளையம் போட வேண்டும்.

மூன்றாவது ஒஃப்செட், அதாவது ரிம் ஹப்பில் பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளி இருக்கிறது என்பது. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஒஃப்செட் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். +30 இருந்த இடத்தில் அதே அகலத்தில் -10 போட்டால், ஒவ்வொரு சக்கரமும் 40 மில்லிமீற்றர் வெளியே வரும். பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஆனால் பெயரிங்கில் சுமை கூடும், ஸ்டியரிங் குழியில் இழுக்கும், சேறு கதவெல்லாம் அடிக்கும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் கான் என்று இருக்கும் நமது ஒடுங்கிய ரோட்டில் எதிரே லொறி வந்தால், அந்த 40 மில்லிமீற்றர் கான் விளிம்பை உடைக்கப் போதும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் தட்டு போடுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

புது ரிம் போட்ட பிறகு 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். யாரும் செய்வதில்லை, செய்ய வேண்டிய வேலை.

சேற்றில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு குறைக்கலாம்?

காற்றைக் குறைத்தால் டயர் தரையில் படும் இடம் நீளமாகும், பிடி கூடும். வெறும் சேற்றில் 18 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். கல் கலந்த தோட்டத்துப் பாதையில் 22க்குக் கீழே இறக்க வேண்டாம் என்பது என் எண்ணம், ஏனென்றால் காற்றுக் குறைந்த டயரின் சுவர் வெளியே பிதுங்கும், கூரான கல் நேரே அதைக் கிழிக்கும். சுவர் கிழிந்த டயரை ஒட்ட முடியாது. பாரம் ஏற்றிய வண்டியில் குறைக்கவே கூடாது. திரும்பக் காற்றடிக்கச் சின்னக் கொம்பிரசர் வண்டியில் இல்லையென்றாலும் குறைக்காதீர்கள். குறைந்த காற்றோடு தார் வளைவில் ஓடினால் டயர் ரிம்மை விட்டுக் கழரும்.

கொழும்பில் காற்றடித்து மேலே வந்தால் குளிரில் இறங்கிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. 32 பாகையிலிருந்து 10 பாகைக்கு வந்தால் 3 பிஎஸ்ஐ அளவு இறங்கத்தான் வேண்டும். ஆனால் நுவரெலியாவின் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் கேஜ் 3 பிஎஸ்ஐ அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழச் சரிக்கட்டிவிடும். வண்டி ஆறிய பிறகு, காலையில் அளந்து பாருங்கள்.

பழைய டயர், ரீபில்ட் டயர் வாங்கலாமா?

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். தோட்டத்து வண்டிகள் தூரம் ஓடுவது குறைவு, அதனால் தேயும் முன்பே டயருக்கு வயசாகிவிடும். காற்றை இறக்கிச் சுவரை வளைத்துப் பாருங்கள். சன்னமான வெடிப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

தேய்மானக் குறி 1.6 மில்லிமீற்றரில் இருக்கும், ஆனால் அது தாருக்கான கடைசி எல்லை. சேற்றில் பாதிப் பட்டன் போனதுமே அந்த டயரின் வேலை முடிந்த மாதிரி.

மேல்பட்டை மாற்றிய ரீபில்ட் டயரை லொறியின் பின் சக்கரத்துக்குப் போடுவது வழக்கம்; நல்ல கூடாக இருந்து ஒழுங்காகச் செய்திருந்தால் குறை சொல்ல முடியாது. ஸ்டியரிங் பிடிக்கும் முன் சக்கரத்துக்கு வேண்டாம்.

காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. புதுசை முன்னுக்குப் போடவா, பின்னுக்கா?

பின்னுக்கு. முன்னுக்குப் போடுவதுதான் இங்கே வழக்கம், ஆனால் ஈர வளைவில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். அக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும், அதை மீட்பது கஷ்டம். முன்னுக்கு இருக்கிற பழசும் ரோட்டுக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும், மொட்டையாக இருக்கக் கூடாது. ஃபோர்வீல் வண்டிக்கு மேலே சொன்னபடி நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பட்டா லொறி, கொழுந்து லொறி, ஆட்டோவுக்கு?

பட்டாவுக்கு வருவது 145 ஆர் 12, 8 பிளை. சின்னச் சக்கரம், அதனால் குழிக்குள் முழுசாக இறங்கும். பட்டன் ஆழமான, லொறிக்கான வகையைப் போடுங்கள், பிளை எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். மரக்கறி மூட்டை ஏற்றும்போது சுமையைத் தாங்குவது அதுதான்.

இரட்டைச் சக்கர லொறிகளில் ஒன்றைத் தினமும் பாருங்கள்: இரண்டு பின் டயருக்கும் நடுவில் கல் செருகியிருக்கிறதா என்று. தோட்டத்து ரோட்டில் கைமுட்டி அளவு கல் அப்படியே போய் இறுகிக்கொள்ளும். டிரைவர் ஆசனத்திலிருந்து ஒன்றும் தெரியாது. ஓடும்போது இரண்டு சுவரையும் சுற்றிவரக் கோடு போட்டது போல அறுக்கும், ஒருநாள் பாரத்தோடு வெடிக்கும். தாரில் வேகமாகப் போகும்போது கழன்று பறந்தால், பின்னால் வருகிற வண்டியின் கண்ணாடியில் போய் விழும். மாலையில் லொறியை நிறுத்தியதும் கம்பியை விட்டு நெம்பி எடுத்துவிட வேண்டும்.

ஆட்டோவின் 4.00-8 டயரில் தெரிவு அதிகம் இல்லை. பின்னுக்கு ஆழமான பட்டன், முன்னுக்குத் தேயாத டயர், அவ்வளவுதான். முன் சக்கரம் ஒன்றே ஒன்று என்பதை மறக்க வேண்டாம்.

இறக்கத்தில் வழுக்கத் தொடங்கினால் என்ன செய்வது?

கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பூட்டிய சக்கரம் திரும்பாது; ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி சறுக்கிய பக்கமே போகும். பிரேக்கை விடுங்கள். சக்கரம் உருளத் தொடங்கினால்தான் ஸ்டியரிங் பிடிக்கும். லோ ரேஞ்சில் எஞ்சின் பிடியே சக்கரத்தைப் பூட்டுகிற மாதிரி இருந்தால், அக்சிலரேட்டரை மெதுவாகத் தொட்டு, வண்டி போகிற வேகத்துக்குச் சக்கரத்தைச் சுற்ற விடுங்கள். பயமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். கிளட்சை மட்டும் மிதிக்காதீர்கள்.

சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இருந்தாலும், இளகிய மண்ணிலும் பனியிலும் பிரேக் தூரம் கூடலாம். பூட்டிய சக்கரத்துக்கு முன்னால் மண் குவிந்து தடுக்கும். ஏபிஎஸ் அதைக் குவிய விடாது. அதற்குப் பதிலாக ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே முதலாம் கியரைப் போட்டுவிடுவதுதான் இதெல்லாவற்றையும் விட நல்லது.

சேற்றிலிருந்து தாருக்கு ஏறியதும் வண்டி வழுக்குகிறது. அடுத்த நாள் ஸ்டியரிங் நடுங்குகிறது. டயர் பிழையா?

இரண்டும் சேற்றின் வேலை. பட்டனுக்குள் அடைத்த களியோடு பிரதான வீதிக்கு ஏறும்போது, முதல் சில வளைவுகளுக்கு நீங்கள் ரப்பரில் ஓடவில்லை, களியில் ஓடுகிறீர்கள். ஏறும் முன் நிறுத்தி ஒரு குச்சியால் முக்கியமான பள்ளங்களைக் கிண்டிவிடுங்கள், அப்புறம் நேரான துண்டில் இரண்டு தடவை மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுப் பாருங்கள்.

நடுக்கத்துக்குக் காரணம் ரிம்மின் உட்பக்கம். அதற்குள் கையை விட்டுத் தடவினால், ஒரு பக்கம் மட்டும் கையளவு சேறு இரவில் காய்ந்து கல்லாக ஒட்டியிருக்கும். 60க்கு மேல் போனால் அந்த எடை ஸ்டியரிங்கை உதறும். வீல் பேலன்ஸ் பண்ண வருகிறவர்கள் பலருக்குத் தேவைப்படுவது தண்ணீர்க் குழாய் மட்டும்தான். கழுவும்போது வெளிப்பக்கத்தோடு நிறுத்தாமல், குழாயை உட்பக்கமும் பிடியுங்கள்.

சங்கிலி கட்டலாமா?

கட்டலாம். பனிக்குச் செய்த சங்கிலி களியிலும் நன்றாகக் கடிக்கும். இழுக்கும் சக்கரங்களில் இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். ஃபோர்வீல் வண்டி என்றால் இறக்கத்தில் முன் சக்கரத்திலும் இருப்பது நல்லது. நடை வேகத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் போகலாம், தாருக்கு வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் டயரும் ரோடும் சேர்ந்து கெடும்.

அடைமழை நாளில் எந்த டயர் போட்டால் மேலே போகலாம்?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் எதைப் போட்டாலும் போகாதீர்கள். அவர்கள் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக அறிவிப்பார்கள். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கம் டிசம்பரை ஒட்டியும், எல்லா இடத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் இதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ரோடே நகர்கிற இடத்தில் டயருக்கு வேலை இல்லை.

ஸ்பெயார் வீலும் அதே டயராக இருக்க வேண்டுமா?

அதே அளவு கட்டாயம். அதே வகையாக இருந்தால் இன்னும் நல்லது; ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒன்றாகத் தேய்க்கலாம். டயர் அளவை மாற்றும்போது பின்கதவில் தொங்கும் ஸ்பெயாரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இருட்டில், மழையில், டயகமவுக்கு மேலே அதைக் கழற்றும்போதுதான் அளவு வேறு என்று தெரியவரும். இன்றைக்கே போய் இரண்டு சுவரிலும் உள்ள எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள், காற்றையும் அளந்துவிடுங்கள்.